அம்சவல்லி கடைந்த பருப்பு

தட்டில் மிச்சம் வைக்கிற பிள்ளையை அம்சவல்லி சும்மா விட்டதில்லை. அந்தத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவள், பரிமாறுபவள், பாத்திரம் கழுவுபவள் எல்லாம் அவள்தான். தேவைப்பட்டால் போலீசும் அவள்தான். கையில் கரண்டியோடு மேசை மேசையாக வருவாள். கேரட்டை ஓரம் கட்டினால் ஒரு முறைப்பு. கீரையை மேசைக்கு அடியில் தள்ளினால் அன்றைக்குச் செம பாட்டு. தலைமையாசிரியரே ஒருநாள் அவசரமாகப் பாதித் தட்டோடு எழுந்தவர், அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்ததாக ஆசிரியைகள் சொல்லிச் சிரிப்பார்கள்.

அது வெறும் அதிகாரம் இல்லை, பழைய கோபம். அவள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் பசிக்கு முதல் மருந்து தேத்தண்ணி. தேயிலைத் தூள் தோட்டத்திலேயே சும்மா கிடைக்கும், பாலுக்குத்தான் வழியில்லை. குழந்தை அழுதால் தேத்தண்ணி, சோறு விக்கினால் தேத்தண்ணி, சோறே இல்லாவிட்டால் இன்னும் ஒரு கோப்பை. காலையில் அதைக் குடித்துவிட்டுக் குளிரில் மலையேறிப் போய், பள்ளிக்கூடச் சபைகூடலில் வரிசையில் நின்றபடியே பொத்தென்று விழுந்த பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. விழுந்தவளை எழுப்பி உட்காரவைத்து ஆசிரியர் கொடுத்ததும் தேத்தண்ணிதான். ஊரெல்லாம் சிரிக்கிற மாதிரி எதையும் சொல்லக்கூடியவள், இதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கமாட்டாள்.

கொழுந்து பறித்துப் பறித்துத் தோள்பட்டை இற்றுப்போன பிறகு அவளுக்குச் சிற்றுண்டிச்சாலை கிடைத்தது. வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகப் பசியாறக் கொடுக்கிறது, ஆர்எம்டி என்பார்கள். இந்தப் பள்ளியில் வசதியான பிள்ளை எது என்று விளக்கு வைத்துத்தான் தேட வேண்டும். ஒருநாள் முட்டையோடு நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, ஒருநாள் கோழிக்கறி, ஒருநாள் மீன், கூடவே ஒரு துண்டு பழம். என்ன சமைப்பது என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள். அது பிள்ளையின் வயிற்றுக்குள் போவது அம்சவல்லியின் பொறுப்பு.

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் பாதிப் பள்ளிக்கூடம் சைவமாகிவிடும். மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு வரும் பிள்ளைகளுக்கென்று அவள் தனிச் சட்டி வைத்திருந்தாள், தனிக் கரண்டி வைத்திருந்தாள். அந்தச் சட்டியைக் கவுச்சிப் பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவக்கூட மாட்டாள். விரத நாட்களில் லயத்துத் தாய்மார்கள் பிள்ளைகளைப் பயமில்லாமல் அனுப்பியது அந்தச் சட்டியை நம்பித்தான்.

திருவிழா முடிந்து எல்லாப் பிள்ளைகளின் கயிறும் அவிழ்ந்த பிறகும் யுவனேஸ்வரியின் கயிறு அவிழவில்லை. மூன்றாம் ஆண்டில் படிக்கும் பிள்ளை. அவளுடைய அப்பா லோகேஸ்வரன் திரிங்காப் ஊரில் காய்கறி லோரிக்குச் சாமான் ஏற்றுபவன். ஒருநாள் முட்டைக்கோஸ் கூடை கை நழுவிக் கால்மேல் விழுந்தது. காயம் சின்னதுதான். ஆனால் அவனுக்கு இனிப்பு நீர் வியாதி இருந்தது, அதை அவன் என்றைக்கும் மதித்ததில்லை. காயம் ஆறாமல் சீழ் வைத்தது, வேலை போனது, வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவி உமாதேவி தேயிலைக் காட்டில் கொழுந்து வெட்டி வருகிற சம்பளத்தில்தான் குடும்பம் நடந்தது. அவள் மாரியாத்தாவிடம் போய் நின்றாள். புருஷன் சொந்தக் காலில் நடந்து வந்து கோயில் படி ஏறும்வரை தானும் மகளும் கவுச்சி தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டு, இரண்டு பேர் கையிலும் கயிறு கட்டினாள். பிள்ளையின் விரதம் ஆத்தாவுக்குச் சீக்கிரம் கேட்கும் என்பது அவள் நம்பிக்கை. இரண்டு வயது மகன் குணாளனை மட்டும் விட்டுவிட்டாள், அவன் இன்னும் பால் மறக்காதவன்.

மற்ற பிள்ளைகளுக்குக் கோழி என்றால் யுவனேஸ்வரிக்குப் பருப்பும் கோஸ் பிரட்டலும். முனகாமல் தின்பாள். பிறகு பாதி நாளில் மேசையில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். திடலுக்குப் போனால் ஓடமாட்டாள், நெட்பால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்த நிற்பு அம்சவல்லிக்குத் தெரிந்த நிற்பு.

அரசாங்கக் கிளினிக்கிலிருந்து நர்ஸ் நஜிஹா மிஸ்ஸி பிள்ளைகளைச் சோதிக்க வந்த அன்றைக்கு யுவனேஸ்வரியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை. விரலைக் குத்திப் பார்த்ததில் ரத்தம் குறைவு என்று தெரிந்தது. மிஸ்ஸி பொறுமைசாலி. மாத்திரை கொடுத்தாள். முட்டை, மீன், ஈரல் சாப்பிட்டால் நல்லது என்றாள். கயிற்றைப் பார்த்துவிட்டு, விரதம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது, சோயாவில் செய்த தெம்பே, அவரை வகை, கீரை எல்லாம் நிறையக் கொடுக்கலாம், கூடவே கொய்யாவோ ஆரஞ்சோ கொடுக்கலாம், சாப்பாட்டோடு தேத்தண்ணி மட்டும் கூடவே கூடாது, அது சத்தை உடம்பில் ஒட்டவிடாது என்று மலாயில் விளக்கினாள். அம்மாவிடம் தமிழில் எடுத்துச் சொல்லி ஒருநாள் கிளினிக்குக்குக் கூட்டிவரும் பொறுப்பை அம்சவல்லியிடம் விட்டாள்.

அன்று சாயங்காலமே அம்சவல்லி லயத்துக்குப் போனாள். உமாதேவி குணாளனை மடியில் வைத்து அவித்த முட்டை ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் எடை போதாத பிள்ளை. கிளினிக்கில் அவனுக்கென்று பால்மாவும் முட்டையும் நெத்திலியும் கொடுக்கிறார்கள். ஒரு துணுக்குக்கூடக் கீழே விழாமல் அவள் ஊட்டிய விதம் அம்சவல்லிக்குப் பிடித்திருந்தது. பக்கத்தில் யுவனேஸ்வரி சோற்றையும் ரசத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆவி பறந்துகொண்டிருந்தது.

அந்தக் கோப்பையைப் பார்த்ததும் அம்சவல்லிக்குச் சுர்ரென்று ஏறியது. மிஸ்ஸி சொன்னதை வரிசையாகச் சொல்ல வந்தவள், எடுத்த எடுப்பிலேயே பிள்ளையை விரதத்திலிருந்து விட்டுவிடு என்றாள். உள்ளறையில் லோகேஸ்வரன் இருமுவது கேட்டது. உமாதேவி குரலை உயர்த்தவில்லை.

“அவருக்கு ஒன்னு ஆச்சுன்னா நீங்க வந்து நிப்பீங்களாக்கா? இந்தக் கயித்த விட்டா எங்கிட்ட வேற என்ன இருக்கு?”

அம்சவல்லி மாத்திரையைச் சுவரோரம் வைத்தாள், பிள்ளைக்குக் கொடு என்றாள், படி இறங்கினாள். தெம்பேயைப் பற்றியும் சொல்லவில்லை, கீரையைப் பற்றியும் சொல்லவில்லை, அந்தத் தேத்தண்ணியைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபம் வந்தால் அவளுக்கு வாய் பெரிதாகும், இல்லையென்றால் ஒரேயடியாகச் சாத்திக்கொள்ளும், அன்றைக்குச் சாத்திக்கொண்டது. அதைத் திறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மாத்திரை யுவனேஸ்வரிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தின்றதும் வாந்தி எடுத்தாள், உமாதேவி அதை எடுத்து மேலே வைத்துவிட்டாள். இதைக் கேள்விப்பட்ட அன்று அம்சவல்லி ஒரு முடிவுக்கு வந்தாள். வீட்டில் அவள் புருஷன் நாகப்பன், தேயிலை ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர், இவள் பேசுவதில் பாதியைக் காதில் வாங்காமல் காலம் தள்ளியவர். அன்றைக்கு என்னவோ முழுதாகக் கேட்டார். “சொல்லிட்டுச் செய்யி. இல்லாட்டி செய்யாத” என்றார். நீங்கள் பேசாமல் டிவியைப் பாருங்கள் என்று அவள் சொல்லிவிட்டாள்.

அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் பருப்போடு சேர்த்துக் கடைந்தால் கண்ணுக்குத் தெரியாது, இரண்டும் ஒரே நிறம். பூண்டும் பெருங்காயமும் தூக்கலாகத் தாளித்தால் வாசமும் அமுங்கிவிடும். அந்தத் தனிச் சட்டியையே அடுப்பில் ஏற்றினாள். தெரிந்து தின்றால்தான் விரதம் முறியும், தெரியாமல் தின்கிற பிள்ளைக்கு ஒரு பாவமும் இல்லை, பாவம் ஏதாவது இருந்தால் அது என் தலையோடு போகட்டும் என்று ஆத்தாவிடம் கணக்குத் தீர்த்துக்கொண்டு கடைந்தாள்.

முதல் நாள் யுவனேஸ்வரி ஒரு வாய் வைத்துவிட்டு நிறுத்தினாள். தலையைத் தூக்கி அம்சவல்லியைப் பார்த்தாள். அம்சவல்லி குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுபடி பார்த்தபோது பிள்ளை குனிந்து வேகமாகத் தின்றுகொண்டிருந்தாள். தட்டு காலியானது, விரலைக்கூடச் சூப்பினாள். அம்சவல்லிக்குச் சந்தோஷத்தில் அன்றைக்கு யாரையும் திட்டத் தோன்றவில்லை.

பிறகு தைரியம் வந்துவிட்டது. முட்டையில் தொடங்கியது நெத்திலித் தூளில் வந்து நின்றது. வறுத்து இடித்துக் குழம்பில் கரைத்து, புளியைக் கூட்டிப் போட்டு மறைத்தாள். யுவனேஸ்வரி சாப்பிட்டு முடித்ததும் குழாயடியில் நின்று திரும்பத் திரும்ப வாய் கொப்பளிப்பதை அவள் கவனித்தாள். பள்ளிக்கூடத்தில் பல் சுத்தம் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறார்கள், நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

லோகேஸ்வரனின் கால் பெருவிரல் கறுத்துவிட்டது என்ற செய்தி அப்போதுதான் வந்தது. ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், விரலை எடுத்துவிட்டார்கள். லயமே அதைப் பேசியது. இனிப்பு நீர் செய்த வேலை என்று அம்சவல்லியின் புத்திக்குத் தெரிந்தது. ஆனால் புத்தியை மட்டும் வைத்துக்கொண்டு படுத்துத் தூங்க முடிகிறதா? மறுநாள் வெறும் பருப்பை ஊற்றினாள். யுவனேஸ்வரி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், பாதியில் எழுந்துவிட்டாள். அந்தப் பாதித் தட்டு அம்சவல்லியால் தாங்கக்கூடியதாக இல்லை. அடுத்த நாள் மறுபடி முட்டையை அவித்தாள்.

பள்ளித் தவணை முடிந்து விடுமுறை வரப் போகும் நேரத்தில் நஜிஹா மிஸ்ஸி திரும்ப வந்தாள். யுவனேஸ்வரியின் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, ரத்தம் நன்றாக ஏறியிருக்கிறது என்று முகம் மலர்ந்தாள். அம்மா ஒழுங்காகக் கவனித்திருக்கிறாள் என்றாள். அம்சவல்லி அடுக்களைக்குள் போய்ச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் தான் செய்த உருப்படியான காரியம் இதுதான் என்று அந்த நிமிஷத்தில் அவளுக்குப் பட்டது.

பள்ளி விட்ட பிறகு அவள் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உமாதேவி வந்தாள். காட்டு வேலைக்குப் போட்டிருந்த நீளச்சட்டைகூட மாற்றவில்லை. ஒரு கையில் யுவனேஸ்வரி, இடுப்பில் குணாளன், மறு கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அம்சவல்லி பார்த்து வெகு நாளாகிவிட்டது.

“ஆத்தா கண்ணத் தொறந்துட்டாக்கா. மாத்தரகூட திங்கல, ரத்தம் ஏறியிருக்கு பாருங்க.”

ஈப்போவில் டாக்டர்கள் இப்போது பாதத்தைப் பற்றிப் பேசுகிறார்களாம். சீழ் மேலே ஏறினால் பாதத்தையும் எடுக்க வேண்டி வருமாம். சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உடைந்தது, உடனே சேர்ந்துகொண்டது. மகளின் விரதத்தைக் கேட்ட ஆத்தா மகனுடையதையும் கேட்பாள், புருஷனின் பாதம் தப்பும் என்றாள். குணாளனின் கையைத் தூக்கிக் காட்டினாள். எலும்பும் தோலுமான மணிக்கட்டில் புதுக் கயிறு, மஞ்சள் இன்னும் காயவில்லை.

பையை மேசைமேல் வைத்தாள். “கிளினிக்ல இவனுக்குக் குடுத்ததுக்கா. முட்ட, நெத்திலி. இனிமே எங்க வீட்ல இதுக்கு வேலயில்லலா. மத்த பிள்ளைங்களுக்குப் போட்டுருங்க.”

குணாளன் பைக்குள் கையை விட்டு முட்டையைத் தொடப் பார்த்தான். உமாதேவி அவன் கையை மெதுவாக விலக்கினாள். யுவனேஸ்வரியாவது பள்ளிக்கூடத்துக்கு வருகிறாள், ஒரு சட்டி பருப்பால் எட்டிவிடலாம். இந்தக் குழந்தையை எப்படி எட்டுவது? வாயை மூடிக்கொண்டால் எல்லாரும் அம்சவல்லியை முன்போலவே மதிப்பார்கள், இவன் மட்டும் வற்றிப்போவான். வாயைத் திறந்தால், ஒரு மனுஷனின் காலை வாங்கியவள் என்ற பேரோடு இந்தத் தோட்டத்தில் மிச்சக் காலம் கழிய வேண்டும். அவள் கைத்துணியைக் கீழே வைத்தாள்.

“உக்காரு உமா. ஆத்தா இல்ல. நான்தான் பருப்புல முட்டையக் கடஞ்சு போட்டேன். நெத்திலியும் போட்டேன். அதுல ஏறுன ரத்தம்.”

உமாதேவி உட்காரவில்லை. அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்தபோது அவள் கேட்டதை அம்சவல்லி எதிர்பார்க்கவில்லை.

“எந்தச் சட்டியில?”

“அந்தச் சட்டியிலதான்.”

எப்போதிலிருந்து என்று கேட்டாள். மிஸ்ஸி முதல் தடவை வந்துபோன மறுவாரத்திலிருந்து என்றாள் அம்சவல்லி. இனி மறைக்க என்ன இருக்கிறது? அப்போதே சொல்லாமல் விட்டதையும் சொன்னாள்: விரதத்தைக் கெடுக்காமலே சத்துக் கொடுக்க வழி இருந்தது, மிஸ்ஸி அழகாக விளக்கினாள், நான்தான் உன்மேல் கோபப்பட்டு அதை உனக்குச் சொல்லாமல் வந்துவிட்டேன். உமாதேவி அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. அவள் உதடுகள் நாட்களைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டிருந்தன.

“அவருக்கு வெரல் கறுத்ததும் அதுக்கப்புறந்தான்” என்றாள். சண்டைக் குரல் இல்லை. சண்டை போட்டிருந்தால் அம்சவல்லிக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் யுவனேஸ்வரி அழ ஆரம்பித்தாள். அம்மாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தூக்காமல் பேசினாள்.

“எனக்குத் தெரியும்மா. மொத நாளே தெரியும். சொன்னா ஆண்ட்டி நிறுத்திருவாங்கன்னுதான் சொல்லல. பசிச்சுச்சு. வாய நல்லாக் கழுவுனேம்மா. அப்பா வெரல் என்னாலதான் போச்சு.”

பாவம் என் தலையோடு போகட்டும் என்று அம்சவல்லி எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருந்தாள். அவள் ஒவ்வொரு நாளும் பெருமையோடு பார்த்த அந்தக் காலித் தட்டுக்குப் பின்னால், அப்பாவின் காலைத் தானே தின்றுகொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஈப்போவிலிருந்து ஒரு விரல் குறைந்து திரும்பி வந்த அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்திருக்கிறாள். யாரிடமும் சொல்ல முடியாமல் மறுநாளும் பசியோடு தட்டை நீட்டியிருக்கிறாள்.

உமாதேவி மகளைப் பார்த்தாள், மகள் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள். அவள் சொல்லப்போவது என்ன என்று அம்சவல்லிக்குப் புரிந்தது, அதைச் சொல்ல அவள் எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் புரிந்தது. உமாதேவி குணாளனைத் தரையில் இறக்கிவிட்டு, முட்டிபோட்டு உட்கார்ந்து, மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“ஒன்னால இல்லம்மா. இனிப்பு நீரால போச்சு. டாக்டர் சொன்னாருல்ல, அதுதான். நீ தின்னதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

சொல்லி முடித்ததும் அவளே அழுதுவிட்டாள். மகள் தின்றதற்கும் அந்தக் காலுக்கும் சம்பந்தம் இல்லையென்றால், தின்னாமல் இருந்ததற்கும் சம்பந்தம் இல்லை. இத்தனை நாள் அவள் காட்டிலும் வீட்டிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் பிடித்துக்கொண்டு நின்றது அந்த விரதம் ஒன்றைத்தான். அம்சவல்லி அவள் தோளில் கை வைத்தாள். உமாதேவி தோளை நகர்த்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மூக்கைத் துடைத்தாள். குணாளனை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள், மேசைமேல் இருந்த பையை எடுத்துக்கொண்டாள். அம்சவல்லியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. நாளைக்குப் பிள்ளை சாப்பிட வருவாளா என்று அம்சவல்லி கேட்கவில்லை.

மூன்று பேரும் லயத்துக்கு இறங்கும் படிகளில் போனார்கள். நிஜமாகவே என்னால் இல்லையா என்று யுவனேஸ்வரி கேட்பது மேலே வரை கேட்டது. இல்லை என்றாள் உமாதேவி. நாலு படி தள்ளிப் பிள்ளை மறுபடியும் கேட்டாள். உமாதேவி மறுபடியும் இல்லை என்றாள். பனிக்குள் மறையும்வரை அவள் கேட்டுக்கொண்டே போனாள், அம்மா ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னாள்.